அரசுக்காக வாதாடிய ஒன்பது வருடமும் ஒரு 487 நாள் தாமதமும்

2012-ல் சார்பு நீதிமன்றத்துக்குக் கூடுதல் அரசு பிளீடராக, அதாவது அரசுக்காக சிவில் வழக்குகளை நடத்தும் வக்கீலாக, என்னை நியமித்து உத்தரவு வந்தபோது எனக்குப் பதினொரு வருட சிவில் பிராக்டீஸ். அலுவலக வாசலில் புதுப் பெயர்ப்பலகை மாட்டிய அன்று அப்பா வந்து அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். அவ்வளவு சந்தோஷம். ஆனால் அந்த வேலை எப்படிப்பட்டது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானும் யாரிடமும் கேட்கவில்லை. ஒன்பது வருடம் கழித்து வெளியே வந்த பிறகு, நடந்ததை நடந்தபடி எழுதி வைத்தால் அடுத்து அந்த நாற்காலிக்குப் போகும் யாராவது ஒருவர் நான் பட்டதில் பாதியாவது படாமல் இருக்கலாம் என்று தோன்றியது. அதற்காகத்தான் இது.

எனக்கு முன்பு இருந்தவர் ஓர் இரும்பு அலமாரிச் சாவியையும் நாலு பக்கப் பட்டியலையும் கொடுத்தார். பட்டியலில் 240 வழக்குகள். எண்ணிக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். மூன்றாவது வாரம், பட்டியலிலேயே இல்லாத ஒரு வழக்கைக் கூப்பிட்டார்கள். "அரசுத் தரப்பில் யார்?" என்று நீதிபதி கேட்க, நான் எழுந்து நின்று விழித்தேன். வக்காலத்தே தாக்கல் ஆகவில்லை. பதிலுரைக்கான கடைசி வாய்தா அன்றைக்குத்தான். கெஞ்சி ஒரு வாரம் வாங்கினேன். அன்று சாயங்காலமே பெஞ்ச் கிளார்க்கிடம் உட்கார்ந்து நீதிமன்ற டைரியைப் பக்கம் பக்கமாகப் புரட்டினேன். அரசோ அரசு அதிகாரியோ பிரதிவாதியாக இருக்கும் வழக்குகள் மொத்தம் 312. எழுபத்திரண்டு வழக்குகளுக்கு என் அலமாரியில் கட்டே இல்லை. இப்போது ஈ-கோர்ட்ஸ் தளத்திலேயே தேடிவிடலாம், ஆனால் அதையும் முழுசாக நம்பாதீர்கள். தரப்பினர் பெயரை ஒரு இடத்தில் "மாவட்ட ஆட்சியர்" என்றும் இன்னொரு இடத்தில் "தமிழ்நாடு அரசு" என்றும் ஏற்றியிருப்பார்கள். பொறுப்பு ஏற்கும் முதல் வாரத்தில் வேறு எந்த வேலையும் வேண்டாம். பட்டியலை நீங்களே எடுங்கள். பழைய பட்டியலில் கையெழுத்துப் போடுவதாக இருந்தால், "வழக்குக் கட்டுகள் சரிபார்ப்புக்கு உட்பட்டு" என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போடுங்கள்.

அரசை எதிர்த்து வழக்கு எடுக்க முடியாது என்பதால், கையில் இருந்த 23 தனியார் கட்டுகளைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. அதில் பாதிப் பேர் பத்து வருடமாக என்னிடம் வந்துகொண்டிருந்தவர்கள். வாங்கியிருந்த ஃபீஸில் நடக்காத வேலைக்கு உரியதையும் திருப்பினேன். அரசிடமிருந்து வரும் ஃபீஸ் அதை ஈடுகட்டும் என்று நினைத்தேன். முதல் பில்லுக்குப் பணம் வர பதினாலு மாதம் ஆனது. வீட்டுச் செலவுக்குக் கையில் ஒரு வருடத்துப் பணம் இல்லாதவர்கள் இந்த நியமனத்துக்கு அவசரப்பட வேண்டாம் என்பதை வெளிப்படையாகவே சொல்கிறேன். பில்லை வழக்கு முடிந்ததும் அந்த மாதமே போட்டுவிடுங்கள். ஒரு வருடம் கழித்துப் போட்டால், ஆஜரானதற்குச் சான்று கொடுக்க வேண்டிய அதிகாரி மாறியிருப்பார். வந்தவர் "எனக்குத் தெரியாதே" என்பார். அவர் சொல்வதிலும் தப்பில்லை.

இனி என்னை உலுக்கிய வழக்குக்கு வருகிறேன். ஒரு பொதுத் திட்டத்துக்காக எடுத்த நிலத்தில் 18 ஏக்கர் பற்றியது அது. பழைய 1894-ஆம் வருட நில எடுப்புச் சட்டத்தின்படி, 2004-ல் நிலம் எடுக்கப் போவதாக நாலு ஒன்று அறிவிக்கை, 2006-ல் இழப்பீட்டை நிர்ணயிக்கும் தீர்வம், அதே சமயத்தில் நிலமும் கைக்கு வந்துவிட்டது. செண்டுக்கு 2,000 ரூபாய் என்று போட்டிருந்தார்கள். போதாது என்று 11 குடும்பங்கள் பதினெட்டாம் பிரிவின் கீழ் கேட்க, எல்லாம் நில எடுப்பு மனுக்களாகச் சார்பு நீதிமன்றத்தில் நின்றன. என் கைக்கு வந்தபோது மனுதாரர் தரப்பு சாட்சியம் முடியும் கட்டம்.

அவர்கள் காட்டியது மூன்று செண்ட் மனைக்கட்டு ஒன்றின் கிரயப் பத்திரம். தார்ச்சாலை ஓரம், லே-அவுட் போட்ட இடம். சின்ன மனையின் விலையை அப்படியே பெரிய விவசாய நிலத்துக்குப் போட முடியாது. சாலை, வடிகால், பொது இடம் என்று அபிவிருத்திச் செலவுக்காக ஒரு பங்கைக் கழிக்க வேண்டும், பல தீர்ப்புகளில் மூன்றில் ஒரு பங்குவரை கழித்திருக்கிறார்கள். இந்தச் சட்டம் எனக்கு மனப்பாடம். ஆனால் வாதத்தில் சொல்வதற்கு சாட்சியத்தில் ஆதாரம் வேண்டுமே. அந்த மனை சாலையிலிருந்து எத்தனை அடி, எடுத்த நிலத்துக்கும் அதற்கும் நடுவே என்ன இருக்கிறது, அந்த லே-அவுட்டில் மற்ற மனைகள் என்ன விலைக்குப் போயின என்று மனுதாரரைக் குறுக்கு விசாரணையில் கேட்டிருக்க வேண்டும். எனக்கு முன்பு இருந்தவர் கேட்கவில்லை. சாட்சியை மறுபடி அழைக்க மனு போட்டிருக்கலாம். நானும் போடவில்லை. வேலைப்பளு என்று அப்போது எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

எங்கள் தரப்பு சாட்சியாக வந்தவர் அந்தப் பதவிக்கு வந்து மூன்று மாதமே ஆன தனி வட்டாட்சியர். காலை பத்தே காலுக்கு நீதிமன்ற வராந்தாவில்தான் நாங்கள் முதல்முறையாகச் சந்தித்தோம். கையில் மஞ்சள் துணிப்பையில் கோப்பு. "சார், எல்லாம் இதுல இருக்கு" என்றார். அரை மணி நேரத்தில் கூண்டில் ஏறிவிட்டார். எதிர்த்தரப்பு வக்கீல் குரலை உயர்த்தவே இல்லை.

"தீர்வம் போட்டது நீங்களா?"

"இல்லைங்க."

"தீர்வத்தில் விலைக்கு ஆதாரமாக எடுத்த டேட்டா லேண்டை நேரில் பார்த்திருக்கிறீர்களா?"

"இல்லைங்க."

"எடுத்த நிலத்திலிருந்து அது எவ்வளவு தூரம்?"

"தெரியாதுங்க."

"அந்த விற்பனைப் புள்ளிவிவரப் பட்டியல் இன்று உங்கள் கோப்பில் இருக்கிறதா?"

அவர் பையிலிருந்து கோப்பை எடுத்துப் புரட்டினார். நீதிமன்றம் முழுக்கக் காத்திருந்தது. பட்டியல் இல்லை. அந்த இரண்டு நிமிடம் இன்னும் எனக்குக் கனவில் வருகிறது. அந்த மனிதர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவரை அப்படி ஏற்றியது நான்தான். அதற்கப்புறம் எந்த வழக்கிலும் சாட்சியைக் குறைந்தது இரண்டு முறை உட்கார வைத்துப் பேசாமல் கூண்டுக்கு அனுப்பியதில்லை. முதல் அமர்வில் கோப்பில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று பார்ப்போம். இரண்டாவது அமர்வு நிலத்தில், வெயிலில். ஆவணத்தில் கையெழுத்துப் போட்டவர் ஓய்வு பெற்றிருந்தாலும் உயிரோடு இருந்தால் அவரையே தேடிப்பிடித்துக் கூப்பிடுங்கள். இப்போது பதவியில் இருப்பவரைக் கூப்பிடுவது சுலபம், ஆனால் அவருக்குத் தெரிந்தது கோப்பு மட்டும்தான்.

2015 ஜூனில் எல்லா மனுக்களுக்கும் சேர்த்து ஒரே பொதுத் தீர்ப்பு வந்தது. செண்டுக்கு 9,000 ரூபாய். கேட்டதும் மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டேன், 7,000 கூடுதல், 1,800 செண்ட், ஒரு கோடியே 26 லட்சம். அன்று இரவு பேப்பரில் முழுக் கணக்கையும் போட்டபோதுதான் கை நடுங்கியது. அதன்மேல், கட்டாயமாக நிலம் எடுப்பதற்காகக் கொடுக்கும் 30 சதவீதம் ஆறுதல் தொகை, 37.8 லட்சம். அறிவிக்கையிலிருந்து தீர்வம் வரை இரண்டு வருடத்துக்கு 12 சதவீதம் கூடுதல் மதிப்பு, 30.24 லட்சம். ஆக 1.94 கோடி. இந்த மொத்தத்துக்கும் வட்டி, முதல் வருடம் 9 சதவீதம், அப்புறம் 15 சதவீதம். ஆறுதல் தொகைக்கும் வட்டி உண்டா என்பதை 2001-ல் சுந்தர் வழக்கில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு உண்டு என்று முடித்துவிட்டது. ஒன்பது வருட வட்டி மட்டும் இரண்டரைக் கோடி. மொத்தம் 4.44 கோடி. இனிமேல் ஒவ்வொரு நாளும் கிட்டத்தட்ட 8,000 ரூபாய் வட்டி. இது போக, அதே அறிவிக்கையில் நிலம் போயும் மனு போடாமல் இருந்த பக்கத்து நிலக்காரர்களும் 28-ஏ பிரிவின் கீழ் மூன்று மாதத்துக்குள் அதே விலையைக் கேட்டு வரலாம்.

உயர் நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு செய்ய 90 நாள். தீர்ப்பு நகல் வாங்க ஆன நாட்களைக் கழித்துக்கொள்ளலாம். அடுத்த வேலை நாளே நகல் மனு போட்டேன், மூன்று வாரத்தில் நகல் வந்தது. மேல்முறையீடு செய்யலாம் என்று என் கருத்துரையை எழுதி, நகல்களோடு கட்டி, ஜூனியர் பையனிடம் கொடுத்து நில எடுப்பு தனி வட்டாட்சியர் அலுவலகத்துக்கு அனுப்பினேன். "கொடுத்துட்டேன் சார்" என்றான். அத்தாட்சி வாங்கி வரச் சொல்லவில்லை. அப்புறம் மூன்று முறை போன் செய்தேன். "மேலே போயிருக்கு சார்" என்று பதில் வந்தது. நானும் மற்ற வழக்குகளில் மூழ்கிவிட்டேன்.

2016 ஜனவரியில், தீர்ப்புப் பணத்தை வசூலிக்க மனுதாரர்கள் போட்ட நிறைவேற்று மனுவில் நோட்டீஸ் வந்தது. அரசுக்கு எதிரான தீர்ப்பாணையை மூன்று மாதம் நிறைவேற்றாமல் இருந்தால்தான் நிறைவேற்று உத்தரவு போட முடியும் என்று சிவில் நடைமுறைச் சட்டம் 82-ஆம் பிரிவு சொல்கிறது. அந்த மூன்று மாதம் எப்போதோ போய்விட்டிருந்தது. அலுவலகத்துக்கு நேரில் போனேன். கதவு பூட்டியிருந்தது. பலகை மாட்டியிருந்த இடத்தில் சுவரில் நாலு ஆணி மட்டும் இருந்தது. பக்கத்து அறை அலுவலக உதவியாளர்தான் சொன்னார், "அந்த யூனிட்டைக் கலைச்சு அஞ்சாறு மாசம் ஆச்சுங்க. கோப்பெல்லாம் கோட்டாட்சியர் ஆபீசுக்குப் போயிடுச்சு." நில எடுப்பு வேலை முடிந்ததும் இப்படித் தனி அலகுகளைக் கலைப்பது வழக்கமான ஒன்று. என் கருத்துரை போய்ச் சேர்ந்த சில நாளிலேயே அந்த அலுவலகம் இல்லாமல் போயிருக்கிறது. "மேலே போயிருக்கு" என்று போனில் சொன்னவர், கோப்புகளைப் பக்கத்துக் கட்டடத்தின் மாடிக்கு ஏற்றியதைத்தான் சொல்லியிருக்கிறார்!

கோப்பைக் கண்டுபிடிக்க நாலு மாதம். கண்டுபிடித்த பின் அது கோட்டாட்சியர், ஆட்சியர், நிலம் கேட்ட துறை, தலைமைச் செயலகம் என்று போய்த் திரும்ப வேண்டும். அதற்குள் ஆகஸ்டில் நீதிமன்ற உத்தரவை நிறைவேற்றும் ஊழியரான அமீனா வந்துவிட்டார், கோட்டாட்சியர் அலுவலக ஜீப்பை ஜப்தி செய்ய. நான் அங்கே போனபோது ஜீப்பின் முன் கண்ணாடியில் ஜப்தி நோட்டீஸை ஒட்டிக்கொண்டிருந்தார்கள். பசை காயாததால் ஒரு முனை நழுவி நழுவி வந்தது, அமீனா அதை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தபடியே என்னிடம் பேசினார். போட்டோ எடுக்க இரண்டு பேர். ஓட்டுநர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் நின்றார். மரத்தடியில் மனுதாரர்களில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். கூண்டில் அவரைப் பார்த்திருக்கிறேன். அவர் கூப்பிட்டு, "வக்கீல் தம்பி, உங்க மேல எனக்கு வருத்தம் இல்ல. நிலம் போய் பத்து வருஷம் ஆச்சு. இந்த ஜீப்ப வச்சு நான் என்ன பண்ணப் போறேன்? குடுக்க வேண்டியத குடுத்துடச் சொல்லுங்க" என்றார். அவரிடம் சொல்ல என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. அவருடைய வக்கீல் பெருந்தன்மையாக இரண்டு வாரம் அவகாசத்துக்கு ஒத்துக்கொண்டார். அன்று வீட்டுக்குப் போய் யாரிடமும் பேசாமல் படுத்துவிட்டேன்.

அடுத்த வாரம் ஒரு கடிதம் வந்தது. மேல்முறையீடு தாமதமானதற்கு அரசு வழக்கறிஞர் உரிய காலத்தில் தீர்ப்பைத் தெரிவிக்காததே காரணமாகத் தெரிகிறது, விளக்கம் தரவும் என்று. படித்தபோது முதலில் கோபம் வந்தது, அப்புறம் பயம். போனில் பேசியதற்கு என்னிடம் எந்த ஆதாரமும் இல்லை. கருத்துரை அனுப்பியதற்கு அத்தாட்சி இல்லை. என்னைக் காப்பாற்றியவை மூன்று. ஒன்று, நகல் மனு எண்ணும் நகல் தயாரான தேதியும் நீதிமன்ற நகல் பதிவேட்டில் இருந்தன. இரண்டாவது, என் ஜூனியர் தன் டைரியில் அன்றைக்குப் போன இடம், நேரம், பஸ் கட்டணம் எல்லாம் எழுதும் பழக்கம் உள்ளவன். மூன்றாவது, கோட்டாட்சியர் அலுவலகப் பதிவறையில் ஒரு பிரிவு எழுத்தர் அம்மா, கலைக்கப்பட்ட அலுவலகத்தின் பழைய தபால் பதிவேட்டை இரண்டு மதிய இடைவேளை முழுக்க உட்கார்ந்து தேடி எடுத்துக் கொடுத்தார். என் கருத்துரை வந்து சேர்ந்த பதிவு அதில் இருந்தது. "சார், இனிமே எது குடுத்தாலும் எங்க நம்பரை வாங்கிட்டுப் போங்க. நீங்க குடுத்தது எங்க நம்பர் ஏறினாத்தான் இருக்கு, ஏறலைன்னா இல்ல" என்றார். ஒன்பது வருடத்தில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய உபதேசம் அதுதான். அந்த விளக்கத்தை முடித்து, அது ஏற்கப்படும்வரை எட்டு மாதம். அந்த எட்டு மாதமும் சரியாகத் தூங்கவில்லை. நகல், தட்டச்சு, சென்னைக்கு அலைந்தது என்று கைக்காசு 60,000 ரூபாய்க்கு மேல் போனது.

2017 பிப்ரவரியில்தான் மேல்முறையீடுகள் தாக்கலாயின. தாமதம் 487 நாள். அந்த நாட்களுக்கான வட்டி மட்டும் 38 லட்சத்தைத் தாண்டும். தாமதத்தை மன்னிக்கும் மனு முடிந்து, மேல்முறையீட்டைக் கேட்பது என்று நீதிமன்றம் முடிவு செய்யும்வரை தடை உத்தரவும் கிடைக்காது, அதனால் தவணையாகப் பணம் கட்டிக்கொண்டேதான் வழக்கை நடத்த வேண்டியிருந்தது. அரசுக்குச் சலுகை உண்டு என்ற நம்பிக்கை பல அதிகாரிகளிடம் இன்னும் இருக்கிறது. 1987-ல் காட்டிஜி வழக்கில் உச்ச நீதிமன்றம் தாமதத்தைத் தாராளமாகப் பார்க்கச் சொன்னது உண்மைதான், ஆனால் அங்கே தாமதம் நாலே நாள். 2012-ல் லிவிங் மீடியா வழக்கில், கோப்பு மேசை மேசையாகப் போனது என்பதெல்லாம் காரணமே ஆகாது என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் மனு 2019-ல் தள்ளுபடியானது. அடுத்த வருடம் பேருலால் வழக்கில் 663 நாள் தாமதத்தோடு வந்த மத்தியப் பிரதேச அரசுக்கு 25,000 ரூபாய் செலவுத்தொகை விதித்து, அதைப் பொறுப்பான அதிகாரிகளிடம் வசூலிக்கச் சொன்னது உச்ச நீதிமன்றம். அந்தத் தீர்ப்பின் முதல் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து, அதற்கப்புறம் என் ஒவ்வொரு கருத்துரையோடும் இணைத்து அனுப்பினேன். மூன்று பக்கச் சட்ட வாதத்தைவிட அது வேகமாக வேலை செய்தது.

முழுத் தொகையும் கட்டி முடித்தபோது 5 கோடியைத் தாண்டியிருந்தது. மூன்றில் ஒரு பங்கு கழிவு வேண்டும் என்ற எங்கள் வாதம் சரியா தப்பா என்று யாரும் கேட்கவே இல்லை. இன்றும் எனக்கு வலிப்பது அதுதான். சட்டம் எங்கள் பக்கம் கொஞ்சமாவது இருந்தது. அது பேச வாய்ப்பே கிடைக்காமல் போய்விட்டது.

அந்த வழக்குக்குப் பிறகு நான் வைத்துக்கொண்ட முறையைச் சொல்கிறேன். ஒரு நீளமான கணக்கு நோட்டு. ஒரு வழக்குக்கு ஒரு பக்கம். தீர்ப்புத் தேதி, நகல் மனு போட்ட தேதி, நகல் தயாரான தேதி, காலக்கெடு முடியும் தேதி, கருத்துரைக்கு அவர்கள் போட்ட தபால் எண். கருத்துரையின் முதல் வரியே "மேல்முறையீட்டுக்குக் கடைசி நாள் இன்ன தேதி" என்று தொடங்கும், அதுவும் தடித்த எழுத்தில். இரண்டாவது வரி "தாமதமாகும் ஒவ்வொரு நாளும் இவ்வளவு ரூபாய்". கடிதத்தை ஒரே அலுவலகத்துக்கு அனுப்பி நிறுத்துவதில்லை. நிலம் கேட்ட துறைக்கும் ஆட்சியர் அலுவலகத்துக்கும் பிரதி போகும், கூடவே அலுவல் மின்னஞ்சலுக்கும். போனில் பேசினால் அன்றே "இன்று தொலைபேசியில் தெரிவித்தபடி" என்று ஒரு வரி மின்னஞ்சல். 2014 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த புதிய நில எடுப்புச் சட்டத்தில் ஆறுதல் தொகையே 100 சதவீதம், மேல்முறையீட்டுக்கு 60 நாள்தான். பழைய வேகத்தில் கோப்பு நகர்ந்தால் இனி இழப்பு இன்னும் பெரிது.

இன்னொன்று, அதிகாரிகளின் பயத்தைப் புரிந்துகொள்ளுங்கள். "இந்தத் தீர்ப்பு நியாயமானது, மேல்முறையீடு வேண்டாம்" என்று நான் எழுதிய கருத்துரைகளையும் ஓரம் கட்டிவிட்டு மேல்முறையீட்டுக்குப் போனார்கள். ஏன் இப்படி என்று எனக்கு வெகுநாள் எரிச்சல். அப்புறம் ஒரு நகராட்சி ஆணையர் மனம் விட்டுச் சொன்னார், "சமரசம் பண்ணி ஒரு லட்சம் கொடுத்தா தணிக்கையில கேள்வி வரும் சார். கோர்ட் உத்தரவுன்னு பத்து லட்சம் கொடுத்தா கேள்வி வராது." மூடியில்லாத வடிகாலில் விழுந்து காலை இழந்த ஒருவர் போட்ட நஷ்டஈட்டு வழக்கு அது. தவறு தெளிவாக நகராட்சி பக்கம். அடுத்த முறை கருத்துரையை வேறு மாதிரி எழுதினேன். வழக்கைத் தொடர்ந்தால் எதிர்பார்க்கும் தொகை, வட்டி, செலவு எல்லாவற்றையும் ஒரு பக்க அட்டவணையாகப் போட்டு, லோக் அதாலத்தில் முடித்தால் மிச்சமாகும் தொகையைக் கடைசி வரியில் காட்டினேன். தணிக்கை கேட்டால் நீட்ட அவருக்கு ஒரு தாள் கிடைத்தது. கையெழுத்துப் போட்டார். லோக் அதாலத்தில் முடிந்தால் மேல்முறையீடு கிடையாது, கட்டிய நீதிமன்றக் கட்டணமும் வாதிக்குத் திரும்பும். அந்த மனிதர் ஊன்றுகோலோடு வந்து செக்கை வாங்கிக்கொண்டு போனதைப் பார்த்தபோது, வழக்கை வென்றபோதெல்லாம் வராத ஒரு நிம்மதி வந்தது.

எண்பதாம் பிரிவு நோட்டீஸையும் விட்டுவிடாதீர்கள். அரசு மேல் வழக்குப் போடும் முன் இரண்டு மாத அவகாசம் கொடுத்து அனுப்பும் நோட்டீஸ் அது. பதில் போடாமல் இருப்பதே வழக்கமாகிவிட்டது. சேலம் வழக்கறிஞர் சங்கம் தொடுத்த வழக்கில் 2005-லேயே உச்ச நீதிமன்றம் இதைக் கண்டித்து, பதில் அனுப்புவதற்கென்று அதிகாரியை நியமிக்கச் சொன்னது. நம் பக்கத்து ஊர் வழக்கறிஞர்கள் வாங்கிய தீர்ப்பு என்பதில் எனக்கு ஒரு தனிப் பெருமை உண்டு. நோட்டீஸ் கட்டத்திலேயே பாதி வழக்குகளின் தலையெழுத்து தெரிந்துவிடும்.

2018-ல் ஓர் ஏரி வழக்கு வந்தது. ஏரிக்குள் இரண்டரை ஏக்கருக்குப் பட்டா காட்டி நிரந்தரத் தடை கேட்டிருந்தார்கள். நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த யூ.டி.ஆர். கணக்கில் தனியார் பெயர் தெளிவாக இருந்தது. வட்டாட்சியரே தளர்ந்துவிட்டார். இந்த முறை நான் சர்வேயரோடு கரையில் நடந்தேன், இரண்டு நாள். புல எண்வாரியாக நிலத்தின் வகையைக் காட்டும், யூ.டி.ஆருக்கு முந்தைய அ-பதிவேட்டைப் பதிவறையில் தேடி எடுத்தோம், அதே புல எண்ணுக்கு எதிரே "ஏரி" என்று மையில் எழுதியிருந்தது. பழைய புலப்படத்தையும் புதியதையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து வெளிச்சத்தில் பிடித்தபோது கரையின் கோடு அப்படியே பொருந்தியது. இடத்தைப் பார்த்து அறிக்கை தர நீதிமன்ற ஆணையர் ஒருவரை நியமிக்க நாங்களே மனு போட்டோம். நீர்நிலை, பொது நிலம் பற்றிய 2011-ஆம் வருட ஜக்பால் சிங் தீர்ப்பு கையில் இருந்தாலும், எங்கள் பக்கத்தை நிலைநிறுத்தியது சர்வேயரின் சாட்சியம்தான். குறுக்கு விசாரணையில், "அளந்தது யார்?" என்ற முதல் கேள்விக்கு அவர் "நான்தான், மூணு தடவை" என்றார். வழக்கு தள்ளுபடியானது.

2021-ல் ஆட்சி மாறியதும் வழக்கம்போல் எங்கள் பதவிகளும் முடிந்தன. நிலுவையில் இருந்த பில்கள் மூன்றரை லட்சத்துக்குக் கிட்ட. அதில் பாதி வந்தது, மீதிக்கு இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறேன். புதிதாக வந்த தம்பி என் அலுவலகத்துக்கு வந்தார். 297 வழக்குகளையும் கட்டு கட்டாக மேசைமேல் வைத்து, ஒவ்வொன்றையும் நோட்டின் பக்கத்தோடு சரிபார்த்துக் கையெழுத்து வாங்கினேன். மூன்று நாள் ஆனது. "அண்ணே, இவ்வளவு எதுக்கு, பட்டியல் போதுமே?" என்று முதல் நாள் கேட்டார். மூன்றாவது நாள், ஒரு நில எடுப்பு மனுவின் பக்கத்தில் கடைசித் தேதியைப் பார்த்துவிட்டு, "இது வர்ற வியாழக்கிழமையே முடியுதே அண்ணே" என்று பைக் சாவியை எடுத்துக்கொண்டு ஆட்சியர் அலுவலகத்துக்குக் கிளம்பினார். தபால் எண்ணை மறக்காமல் வாங்கச் சொல்லி வாசல்வரை போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.